தணிகாசலம் சார் என்னிடம் மட்டும் சொன்னது

"பின்னை இழுங்கம்மா. வளையம் இருக்கு பாருங்க, அதுல விரலை விட்டு இழுங்க" என்றார் பயிற்சி கொடுக்க வந்தவர்.

இழுத்தேன். வரவில்லை.

எனக்குப் பத்தடி முன்னால் ஓர் இரும்புத் தட்டில் டீசல் எரிந்துகொண்டிருந்தது. கம்பெனியில் லாரிகள் நிற்கும் இடம் அது. காற்று என் பக்கமாகத் திரும்பியதும் கரும்புகை முகத்தில் அடித்தது. கன்னம் சுட்டது. இடது கையில் தீயணைக்கும் சிவப்பு சிலிண்டர். ஆறு கிலோ என்றார்கள். எனக்கு அது அரிசி மூட்டையாகக் கனத்தது.

"கைப்பிடியை அழுத்தாதீங்கம்மா! அழுத்திப் புடிச்சா பின் வராது. கையைத் தளர்த்துங்க."

தளர்த்தினேன். சிலிண்டரையே விட்டுவிட்டேன். அது என் கால் விரலில் விழுந்து, 'ணங்' என்று உருண்டு, தட்டை நோக்கிப் போனது. வெடித்துவிடும் என்று நினைத்தேன். செருப்பைக்கூட விட்டுவிட்டு செக்யூரிட்டி அறைவரை ஓடினேன்.

திரும்பிப் பார்த்தபோது கம்பெனியே சிரித்துக்கொண்டிருந்தது. யாரோ கைப்பேசியில் படம் பிடித்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அந்த வீடியோ எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஏறிவிட்டது.

எனக்கு அடுத்து வந்தவள் காஞ்சனா. நீலக் கோட்டின் கைகளை முழங்கைவரை சுருட்டிவிட்டு, சிலிண்டரைத் தண்ணீர்க்குடம்போல அலட்சியமாகத் தூக்கினாள். பின்னை இழுத்தாள், தீயின் அடியைக் குறிபார்த்தாள், அழுத்தினாள், இடமும் வலமுமாக வீசினாள். வெள்ளைப் பவுடர் புகையாய்ப் பரவியது. தீ போன இடம் தெரியவில்லை.

கைதட்டல் அடங்கச் சிறிது நேரம் ஆயிற்று. என் பக்கத்தில் வந்து நின்று காதில் சொன்னாள்: "இன்னாக்கா, அதுக்குப் போய் அப்டி ஓடிகினு கீற? ஒண்ணியும் இல்லக்கா."

தோல் நாற்றமும் சொல்யூஷனும்

பல்லாவரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவே, ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இருந்தது எங்கள் கம்பெனி. வெளிநாட்டுக் கடைகளுக்குத் தோல் பைகள் தைத்து அனுப்பினோம். நான் டைம் ஆபீஸில் இருந்தேன். யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் எந்த ஹாலில் இருக்கிறார்கள் என்ற பதிவேடு முழுவதும் என் பொறுப்பு. கொரோனாவுக்குப் பிறகு ஆர்டர்கள் திரும்பி வந்துகொண்டிருந்த காலம்.

காஞ்சனா பேஸ்டிங் ஹாலில் வேலை செய்தாள். தைப்பதற்கு முன் தோலின் விளிம்புகளை மடித்து ஒட்டும் இடம். ஒட்டும் பசையை நாங்கள் சொல்யூஷன் என்போம். அந்த ஹாலுக்குள் நுழைந்தால் முதலில் மூக்கு எரியும், பிறகு தலை லேசாகச் சுற்றும். புதிதாக வருகிறவர்கள் ஒரு வாரத்தில் பழகிவிடுவார்கள். பழகாதது நான் ஒருத்திதான். நெருப்பு பிடிக்கிற பொருளின் வாசனை எதுவானாலும் நான் அங்கே நிற்க மாட்டேன்.

வெளிநாட்டுக் கடைக்காரர்களின் ஆடிட் வரப்போகிறது, தீப் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ள ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ஃபயர் மார்ஷல் வேண்டும் என்றார் ஜி.எம். சார். ஆபீஸுக்கு நான், பேஸ்டிங் ஹாலுக்குக் காஞ்சனா. "ஆளுங்க கணக்கு உங்ககிட்டதானே இருக்கு எஸ்தர், நீங்கதான் கரெக்ட்" என்றார். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு முன்னால் எப்போதுமே வராது. அப்படித்தான் அந்தச் சிலிண்டர் என் கைக்கு வந்தது.

குடத்தோடு நின்றவள்

இந்தத் தொடரின் ஆரம்பத்தில் தாம்பரத்தில் நாங்கள் குடியிருந்த ஒண்டுக்குடித்தன வீட்டைப் பற்றி எழுதியிருந்தேன். ஐந்து குடும்பங்கள், ஒரு குழாய். எல்லாவற்றையும் எழுதினேன், ஒன்றைத் தவிர.

பக்கத்து போர்ஷனில் வசந்தா அக்கா இருந்தார். ஒரு சாயங்காலம் நான் குழாயடியிலிருந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு அவர் வாசலைக் கடந்தேன். உள்ளே மண்ணெண்ணெய் ஸ்டவ் குப்பென்று எழும்பியது. கூரைவரை மஞ்சள் நிறம். "தண்ணி! தண்ணி ஊத்துடீ!" என்று அக்கா என்னைப் பார்த்துக் கத்தினார்.

எனக்குப் பத்து வயது. இடுப்பில் நிறைகுடம். ஓடவும் இல்லை, ஊற்றவும் இல்லை. அப்படியே நின்றேன். எதிர்வீட்டு மாமா சாக்கை நனைத்துக்கொண்டு வந்து போர்த்தி அணைத்தார். அதற்குள் அக்காவின் வலது கை வெந்துவிட்டது.

யாரும் என்னைத் திட்டவில்லை. அக்காகூடத் திட்டவில்லை. ஆனால் அந்த வீட்டைக் காலி செய்கிறவரை நான் அவர் வாசல் வழியாகப் போகவே இல்லை. மாட்டுக்கொட்டில் பக்கமாகச் சுற்றிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனேன்.

இதை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. அந்த லாரி மைதானத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

டீக்கடையில்

பயிற்சி கொடுக்க வந்தவர் பெயர் தணிகாசலம். தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். காதோரம் ஒரு பழைய தழும்பு. எல்லோரும் கலைந்த பிறகு, சந்து முனையிலிருந்த டீக்கடையில் தனியாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"சார், ஒண்ணு கேக்கணும். அணைக்க முடியலன்னா என்ன பண்றது?"

டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கேலி செய்யப்போகிறார் என்று நினைத்தேன்.

"இன்னிக்கு இத்தனை பேர்ல நீங்க ஒருத்தர்தாம்மா இதைக் கேட்டீங்க" என்றார். "முதல்ல சொல்ல வேண்டியதே அதுதான். ரெண்டு மணி நேரம் கேட்டேன். உங்க ஜி.எம். நாப்பது நிமிஷம்தான் குடுத்தாரு. ஆடிட்டுக்குப் போட்டோ வேணும்னாரு. அணைக்கிறதுதான் போட்டோவுக்கு நல்லா இருக்கும். ஓடுறது நல்லா இருக்காது."

பிறகு அங்கேயே, டீக்கடைப் பலகை மேல் விரலால் கோடு போட்டுக் காட்டிச் சொன்னார்.

"சிலிண்டரைத் தொடுறதுக்கு முன்னாடி கதவு எங்க இருக்குன்னு பாருங்க. கதவு உங்க முதுகுப் பக்கம் இருக்கணும். நெருப்பு உங்களுக்கும் கதவுக்கும் நடுவுல வரக்கூடாது. ஒரு சிலிண்டர் பதினஞ்சு, இருபது செகண்டுதான் வரும். அதுக்குள்ள அணையலன்னா இன்னொண்ணைத் தேடாதீங்க, வெளிய வந்துடுங்க. நெருப்பு உங்க உயரத்துக்கு வந்துட்டா கிட்டவே போகாதீங்க. அணைஞ்சாலும் முதுகைக் காட்டாதீங்க, பாத்துக்கிட்டே பின்னால நடங்க. மறுபடி புடிக்கும். சொல்யூஷன் நெருப்பு கண்டிப்பா மறுபடி புடிக்கும்."

ஸ்டவ் கதையை அவரிடம் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, "எரியிற மண்ணெண்ணெய் மேல தண்ணி ஊத்தியிருந்தா அது தெறிச்சு இன்னும் பரவியிருக்கும்மா" என்றார். "நீங்க ஊத்தாதது நல்லதுதான்."

எத்தனையோ வருடப் பாரம் அது. ஒரு வார்த்தையில் இறங்கிவிடவில்லை. ஆனாலும் அன்று வீட்டுக்குப் போகும் ஷேர் ஆட்டோவில், கோவிலம்பாக்கம் வரும்வரை அழுதுகொண்டே போனேன்.

கிளம்பும்போது அவர் ஒன்று சொன்னார். "நான் மறுபடி எப்ப வருவேன்னு தெரியல. மத்தவங்ககிட்டயும் இதைச் சொல்லிடுங்கம்மா. முக்கியமா அந்தப் பொண்ணுகிட்ட. தைரியமா இருக்கு. அதான் பயமா இருக்கு எனக்கு."

சரி சார் என்றேன்.

சொல்லவில்லை. மறுநாள் காலை கேட்டுக்குள் நுழைந்ததுமே யாரோ என்னைப்போல் ஓடிக்காட்டினார்கள். நான் போய் நின்று, 'தீப்பிடித்தால் ஓடிவிடுங்கள்' என்று சொன்னால் எப்படி இருந்திருக்கும்? ஒரு வாரம் போகட்டும் என்று நினைத்தேன். அந்த வாரம் போனது. அடுத்த வாரமும் போனது.

முப்பத்தொன்று

ஐப்பசி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. ஈரத்தில் சொல்யூஷன் காயவில்லை என்று பேஸ்டிங் ஹாலில் யாரோ ஒரு ரூம் ஹீட்டரைக் கொண்டுவந்து மேசைக்கடியில் வைத்திருக்கிறார்கள். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

காலை டீ முடிந்து சற்று நேரம் இருக்கும். மழைச் சத்தத்தோடு வேறொரு சத்தமும் கேட்டது. பெண்கள் கூட்டமாகக் கத்துகிற சத்தம்.

பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். குடையைத் தேடவில்லை. ஹாலின் முன்கதவு வழியாகப் பெண்கள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். பின்கதவை அட்டைப்பெட்டிகள் அடைத்திருந்தன. மறுநாள் போகவேண்டிய சரக்கு.

"சொல்யூஷன் டின்னு கவுந்துடுச்சி மேடம், ஹீட்டர் மேல!"

"காஞ்சனா அணைச்சிட்டா, அணைச்சிட்டா!"

மதில் ஓரமாக எல்லோரையும் நிற்கவைத்து எண்ணினேன். அன்று அந்த ஹாலில் முப்பத்தொரு பேர். முப்பதுதான் வந்தது. மறுபடி எண்ணினேன். நனைந்த பதிவேட்டில் எழுத்துகள் கரைந்து ஓடின. முப்பது.

யார் இல்லை என்று பெயர் கூப்பிட்டுப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

முதல் சிலிண்டரில் அவள் தீயை அணைத்திருந்தாள். அது உண்மை. அணைத்துவிட்டு, வாசலில் நின்றவர்களைப் பார்த்துத் திரும்பி, "ஒண்ணியும் இல்ல, வாங்க" என்று கையாட்டியிருக்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னால் அது மறுபடியும் பிடித்துக்கொண்டது. இரண்டாவது சிலிண்டர் ஹாலின் உள்கோடித் தூணில் மாட்டியிருந்தது. அதை எடுக்க உள்ளே ஓடியிருக்கிறாள்.

நான் கதவருகே போனபோது, சிந்திய சொல்யூஷன் தரையில் ஓடிய வழியெல்லாம் தீயும் ஓடிக்கொண்டிருந்தது. நீலமும் மஞ்சளுமாக, முழங்கால் உயரத்துக்கு. அதற்கு அந்தப் பக்கம் காஞ்சனா. இந்தப் பக்கம் கதவு.

அவள் கையில் சிலிண்டர் இருந்தது. தீர்ந்துபோயிருந்தது. அதைக் குழந்தையைப்போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். கத்தவில்லை. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. பத்து வயதில் நான் அப்படித்தான் நின்றேன்.

என் பயத்தைப் பற்றி நேர்மையாக எழுதிவிடுகிறேன். என் புடவை நனைந்தது மழையால் மட்டுமல்ல. அது யாருக்கும் தெரியாமல் மழைதான் காப்பாற்றியது.

கதவுக்கு வெளிப்பக்கச் சுவரில் ஒரு சிலிண்டர் மாட்டியிருந்தது. எடுத்தேன். உள்ளே ஓர் அடிகூட வைக்கவில்லை. வாசற்படியில் குனிந்து நின்றேன். கதவு என் முதுகுப் பக்கம் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். முழு ஹாலையும் அணைக்க என்னால் ஆகாது. அவள் ஓடி வரும் அகலத்துக்கு வழி கிடைத்தால் போதும். அவளுக்கும் எனக்கும் நடுவில் இருந்த தீயின் அடியைப் பார்த்து அழுத்தினேன்.

பவுடர் சீறியது. தீ இரண்டாகப் பிரிந்து விலகியது.

"காஞ்சனா! அதைப் போட்டுட்டு வா!"

அவள் அசையவில்லை.

"அணைக்க வேணாம்டீ! ஒண்ணும் அணைக்க வேணாம்! ஓடி வா! ஓடு!"

என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் கத்தியதில்லை. சிலிண்டர் கீழே விழுகிற சத்தம் கேட்டது. பிறகு வெள்ளைப் புகைக்குள்ளிருந்து அவள் வந்தாள். வலது கோட்டுக் கையில் தீ. என்மேல் மோதி இருவரும் முற்றத்து மழைத்தண்ணீரில் விழுந்தோம். பெண்கள் டிரம்மோடு தண்ணீரைக் கொண்டுவந்து அவள் கைமேல் கொட்டினார்கள். கொட்டிக்கொண்டே இருந்தார்கள்.

தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் பாதி ஹால் போய்விட்டது.

ஒரு கையெழுத்து

தீக்காயத்துக்கென்று தனிப்பிரிவு இருக்கிற பெரிய அரசு ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்தார்கள். மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல்வரை வெந்திருந்தது. பிழைத்துவிடுவாள், விரல்கள் முழுதாக மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள்.

இரண்டு நாள் கழித்து ஜி.எம். என்னை அறைக்குக் கூப்பிட்டார். தாடி மழிக்கவில்லை. கண்கள் சிவந்திருந்தன. ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். அனைவருக்கும் முழுமையான பயிற்சி அளிக்கப்பட்டது, காஞ்சனா என்ற தொழிலாளி விதியை மீறி உள்ளே சென்றார் என்று அதில் டைப் செய்திருந்தது. கீழே, நேரில் கண்ட ஃபயர் மார்ஷல் என்று என் பெயர்.

"நாளைக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றாரு. ஒரு சைன் போட்டுடுங்க எஸ்தர்."

"சார், இதுல கையெழுத்துப் போட்டா அவ வேலை?"

"கம்பெனியே மூடிட்டா முந்நூறு பேரோட வேலை. அதை யோசிங்க."

அவர் கெட்டவர் இல்லை. பயந்துபோயிருந்தார். நானும் பயந்துபோயிருந்தேன். என் மகன் காட்டாங்குளத்தூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். அந்த வேலை இல்லாமல் எனக்கு ஆகாது.

"ட்ரெயினிங் நாப்பது நிமிஷம்தான் சார் நடந்தது. ஆரம்பிச்ச நேரம், முடிஞ்ச நேரம் ரெண்டும் என் ரிஜிஸ்டர்ல இருக்கு. எப்ப வெளிய வரணும்னு அவளுக்கு யாரும் சொல்லித் தரல."

"உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது?"

எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் இன்ஸ்பெக்டரிடம் பதிவேட்டைக் காட்டி, அட்டைப்பெட்டி, ஹீட்டர், நாற்பது நிமிடம் எல்லாவற்றையும் என் கையாலேயே எழுதிக்கொடுத்தேன்.

காஞ்சனாவின் வேலை போகவில்லை. கை தேறியதும் செக்கிங் பகுதியில் உட்காரலாம் என்று சொன்னார்கள். என்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். ஜி.எம். அதன் பிறகு என்னோடு நேராகப் பேசவில்லை.

ஆனால் அவர் கேட்டது மட்டும் என்னை விடவில்லை. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

அனகாபுத்தூரில் ஒரு ஞாயிறு

காஞ்சனா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய வாரம், சர்ச் முடிந்து நேராக அவள் வீட்டுக்குப் போனேன். மாடிப் போர்ஷன். கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "வாக்கா. நீ இல்லாங்காட்டி நான் அன்னிக்கே காலி" என்றாள். வருகிறவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொல்கிறாளாம். அவள் மாமியார் எனக்குக் காப்பி போடப் போனார்.

அந்தக் காப்பியைக் குடித்துவிட்டால் பிறகு சொல்ல முடியாது என்று தோன்றியது.

"காஞ்சனா, அந்த ட்ரெயினிங் சார் என்கிட்ட எல்லாத்தையும் சொன்னாரு. எப்ப விட்டுட்டு ஓடணும், ஏன் முதுகைக் காட்டக்கூடாது, எல்லாம். உன்கிட்டச் சொல்லச் சொன்னாரு. முக்கியமா உன்கிட்டன்னு சொன்னாரு. நான் சொல்லல. சிரிப்பாங்கன்னு சொல்லல."

அவள் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள்.

"எத்தினி நாளு இருந்துச்சி நடுவுல?"

"ஒரு மாசம்."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நீ போக்கா."

நான் படியிறங்கும்போது, காப்பி ஆறுகிறது என்று மாமியார் மேலேயிருந்து கூப்பிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

கேட்டருகே

தை பிறந்த பிறகு மறுபடி பயிற்சி வைத்தார்கள். இந்த முறை முழுதாக இரண்டு மணி நேரம். தணிகாசலம் சார் சிலிண்டரைத் தொடவிடாமல், முதலில் எல்லோரையும் ஹால் ஹாலாக நடக்கவிட்டுக் கதவுகளைக் காட்டினார். பின்கதவைத் தன் கையாலேயே திறந்து பார்த்தார்.

காஞ்சனாவும் வந்திருந்தாள். கட்டு பிரித்திருந்தார்கள். தோல் வெளிர்ச்சிவப்பாகச் சுருங்கியிருந்தது. நான் இருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை. அந்த ஞாயிறுக்குப் பிறகு நாங்கள் பேசியிருக்கவில்லை.

லாரி மைதானத்தில் தட்டைப் பற்றவைத்தார்கள். தீ எழும்பியதுதான் தாமதம், காஞ்சனா எழுந்தாள். ஒன்றும் சொல்லாமல், வேகமாக, கேட்டை நோக்கி நடந்தாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நானும் எழுந்து பின்னால் போனேன்.

கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். தொடப் பயமாக இருந்தது. அவளே என் மணிக்கட்டைப் பிடித்தாள். முழுதாக மடங்காத விரல்கள். ஆனாலும் வலித்தது, அவ்வளவு இறுக்கம்.

"நீ சொல்லிருக்கணும்க்கா."

"ஆமா."

"சொல்லிருந்தா கேட்டிருப்பனா, மாட்டனா, அது என் பேஜாரு. நீ சொல்லிருக்கணும்."

"ஆமா காஞ்சனா."

உள்ளே சிலிண்டர் சீறுகிற சத்தம் கேட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிடியை விடவில்லை.

"இப்ப சொல்லு" என்றாள். "டீக்கடையில அந்தாளு உன்னாண்ட இன்னா சொன்னாரோ, ஒண்ணுவுடாம சொல்லு. மொதல்லேந்து."

சொன்னேன். சிலிண்டரைத் தொடுவதற்கு முன்னால் கதவு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். அவள் கண்ணைத் திறக்காமல், ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.